உடம்புச் சூடு என்று சும்மா இருக்கலாமா?
மூத்த மாதர்களுக்குத் திரும்பத் திரும்ப வரும் சிறுநீர்க் கிருமித்தொற்று

டாக்டரிடமும் வக்கீலிடமும் எதையும் மறைக்கக் கூடாது என்பது நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு. ஆனால் அப்படி அறிவுரை சொல்லும் பெரியவர்களே, குறிப்பாகப் பெண்மணிகளே, மறைத்து வைக்கும் தொல்லை ஒன்று உண்டு. அதுதான் நீர்க்கடுப்பு. மருத்துவர்கள் இதைச் சிறுநீர்ப்பாதைக் கிருமித்தொற்று என்கிறார்கள்.

வீவக அடுக்குமாடி வீடு ஒன்றில் நடக்கும் காட்சியாக இதை எண்ணிப் பார்க்கலாம். பாட்டிக்கு 72 வயது. இரண்டு நாளாகத் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை ஜொகூர் கோயிலுக்குக் குடும்பத்தோடு பேருந்துப் பயணம் என்று முடிவானதும் "நான் வரலை, நீங்க போயிட்டு வாங்க" என்கிறார். மருமகளுக்குச் சந்தேகம். அருகில் வந்து மெல்லக் கேட்கிறார்.

"என்ன அத்தை, உடம்புக்கு முடியலையா?"

"ஒண்ணுமில்லம்மா. சூடுதான். பார்லி தண்ணி வச்சுக் குடிச்சா சரியாப் போயிடும்."

"போன தடவையும் இதைத்தானே சொன்னீங்க. அவரோட கிளினிக் போனீங்களே, டாக்டர்கிட்ட சொல்லலையா?"

"மகனைப் பக்கத்துல வச்சுக்கிட்டு இதையெல்லாம் எப்படிம்மா சொல்றது? காய்ச்சல்னு மட்டும் சொன்னேன்."

இந்த ஒரு பதிலில் பிரச்சினையின் பாதி அடங்கியிருக்கிறது. ஆங்கிலம் தெரியாத தாய்க்கு மகன் மொழிபெயர்க்கிறார். மகன் முன் தாய்க்குக் கூச்சம். மருத்துவருக்குத் தெரிவதோ காய்ச்சல் மட்டுமே. அடுத்த இரண்டு மாதத்தில் தொல்லை மறுபடியும் தலைகாட்டுகிறது. மூன்றாவது முறை அது சிறுநீரகம் வரை ஏறி, மருத்துவமனைப் படுக்கையில் கொண்டுபோய் விடவும் கூடும்.

பெண்களுக்கு ஏன்? முதுமையில் ஏன்?

உடலமைப்பே முதல் காரணம். சிறுநீர்ப்பையிலிருந்து வெளியே வரும் குழாய் ஆண்களுக்கு ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் நீளம். பெண்களுக்கோ 4 சென்டிமீட்டர்தான். அந்தச் சிறு குழாயின் வாசல் ஆசனவாய்க்கு அருகிலேயே இருக்கிறது. குடலில் வாழும் ஈ.கோலை என்னும் கிருமிதான் இத்தொற்றுகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம். குடலில் இருக்கும்வரை அதனால் தொல்லை இல்லை. குறுகிய பாதையில் ஏறிச் சிறுநீர்ப்பைக்குள் நுழைந்துவிட்டால் தொற்று தொடங்குகிறது.

இரண்டாவது காரணம் மாதவிடாய் நின்ற பின் வரும் மாற்றம். பெண்மைக்குரிய ஈஸ்ட்ரோஜன் என்ற சுரப்புநீர் உடலில் போதிய அளவு இருக்கும் காலத்தில், பிறப்புறுப்பின் உட்சுவர் தடிப்பாகவும் ஈரப்பசையுடனும் இருக்கும். அங்கே லாக்டோபேசிலஸ் என்ற நல்ல நுண்ணுயிர்கள் குடியிருந்து, சுற்றுப்புறத்தை இலேசான புளிப்புத் தன்மையில் வைத்திருக்கும். தீய கிருமிகளுக்கு அந்தப் புளிப்பு பிடிக்காது. மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைகிறது. உட்சுவர் மெலிந்து வறண்டுபோகிறது, நல்ல நுண்ணுயிர்கள் குறைகின்றன, புளிப்பும் மறைகிறது. காவலர் இல்லாத வாசல் போல அந்த இடம் ஆகிவிடுகிறது. ஆகவே, இந்தத் தொற்று வருவது அந்தப் பெண்மணி சுத்தமாக இல்லை என்பதற்கு அடையாளம் அல்ல. இதை வீட்டில் உள்ளவர்கள் முதலில் உணர வேண்டும்.

மூன்றாவது காரணம், சிறுநீர்ப்பை முழுமையாகக் காலியாகாமல் போவது. பல பிள்ளைகளைப் பெற்ற தாய்மார்களில் சிலருக்குக் கருப்பையோ சிறுநீர்ப்பையோ கீழிறங்கியிருக்கும். நெடுநாள் நீரிழிவால் நரம்பு தளர்ந்த சிலருக்குச் சிறுநீர்ப்பை நிறைந்ததே தெரியாது. கடும் மலச்சிக்கலும் சிறுநீர்ப்பையை அழுத்தும். ஒவ்வாமைக்கும் சளிக்கும் எடுத்துக்கொள்ளும் சில மாத்திரைகள் சிறுநீர் கழிப்பதைத் தாமதப்படுத்தும். தேங்கிய குட்டையில் பாசி படிவதுபோல், தேங்கிய சிறுநீரில் கிருமி பெருகுகிறது.

நீரிழிவு இங்கே தனிக் கவனத்துக்கு உரியது. சிங்கப்பூரில் சீனர்களைவிட இந்தியர்களிடையே நீரிழிவு அதிகம் என்பது எல்லாரும் அறிந்ததே. 2016ஆம் ஆண்டில் சுகாதார அமைச்சு நீரிழிவுக்கு எதிராகப் போர் என்றே அறிவித்தது. இரத்தத்தில் சர்க்கரை கட்டுக்கடங்காமல் இருந்தால் கிருமியை எதிர்க்கும் ஆற்றல் குறையும். தொற்று திரும்பத் திரும்ப வரும் பெண்மணிக்கு நீரிழிவுச் சோதனை செய்து பார்ப்பது முறை.

எல்லா எரிச்சலும் தொற்று ஆகாது

சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், அடிக்கடி போகவேண்டும் என்ற உணர்வு, போனாலும் சொட்டுச் சொட்டாக வருதல், அடக்க முடியாத அவசரம், அடிவயிற்று வலி, சிறுநீரில் இரத்தம் ஆகியவை சிறுநீர்ப்பைத் தொற்றின் அறிகுறிகள். காய்ச்சல், குளிர் நடுக்கம், விலாப்புறத்தில் அல்லது இடுப்புக்கு மேலே முதுகில் வலி, வாந்தி ஆகியவை சேர்ந்தால் தொற்று சிறுநீரகத்தை எட்டியிருக்கலாம்.

ஆனால், எரிச்சல் என்றாலே தொற்று என்று முடிவு கட்டுவதும் தவறு. மாதவிடாய் நின்றபின் வரும் வறட்சியே எரிச்சலைத் தரும். அரிப்பும் வெள்ளையும் சேர்ந்திருந்தால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். நீரிழிவுக்காக இப்போது பலருக்கும் தரப்படும் எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுபவை. இவற்றை எடுப்பவர்களுக்குப் பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று வரும் வாய்ப்பு கூடுதல். மருந்தைத் தாமாகவே நிறுத்திவிடக் கூடாது. இந்த மாத்திரையை எடுக்கிறேன், அரிப்பு இருக்கிறது என்று மருத்துவரிடம் சொல்ல வேண்டும். பூஞ்சைக்கு வேறு மருந்து. கிருமிக்குரிய மருந்தை அதற்குக் கொடுத்தால் பூஞ்சை இன்னும் பெருகும்.

சிறுநீரில் இரத்தம் தெரிந்து, சோதனையில் கிருமி இல்லை என்று வந்தால் அதை விட்டுவிடக் கூடாது. தொற்று குணமான பின்னும் இரத்தம் தொடர்ந்தால் அப்படியே. கல், கட்டி, புற்றுநோய் ஆகியவை உண்டா என்று பார்த்தே தீர வேண்டும்.

சிறுநீரில் கிருமி இருந்தாலே மருந்து வேண்டுமா?

பலருக்கும் வியப்பளிக்கும் செய்தி இது. வயதான பெண்கள் பலரின் சிறுநீரில் எந்தத் தொல்லையும் இல்லாமலேயே கிருமி இருக்கும். 80 வயதைக் கடந்தவர்களிடமும் தாதிமை இல்லங்களில் இருப்பவர்களிடமும் இது மிகச் சாதாரணம். எரிச்சலோ வலியோ காய்ச்சலோ இல்லாதபோது இதற்கு மருந்து கொடுப்பதில் பயன் இல்லை என்பதே மருத்துவ உலகின் தெளிவான முடிவு. கருவுற்ற பெண்களும், சிறுநீர்ப்பாதையில் அறுவைச் சிகிச்சைக்குச் செல்பவர்களும் இதற்கு விதிவிலக்கு. தேவையின்றிக் கொடுத்த மருந்து கிருமியை அழிப்பதற்குப் பதிலாக, மருந்துக்கு அடங்காத கிருமியை வளர்த்துவிடும். பிறகு உண்மையான தொற்று வரும்போது கைவசம் மருந்து இல்லாமல் போகும்.

சிறுநீர் கலங்கலாக இருக்கிறது, வாடை வருகிறது என்பது மட்டும் தொற்றுக்குச் சான்று ஆகாது. தண்ணீர் குறைவாகக் குடித்தாலும் அப்படி இருக்கும்.

பெரியவர்கள் திடீரென்று தடுமாறிப் பேசினால், ஆளை மறந்தால், சோர்ந்து படுத்தால், "சிறுநீர்த் தொற்றுதான்" என்று உடனே சொல்லிவிடும் பழக்கம் பரவலாக உண்டு. தொற்று அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். நீர்ச்சத்துக் குறைவு, மலச்சிக்கல், புதிய மாத்திரை, சர்க்கரை ஏற்ற இறக்கம், பக்கவாதம், கீழே விழுந்து தலையில் பட்ட அடி என்று வேறு காரணங்களும் இருக்கலாம். திடீர்த் தடுமாற்றத்துக்கு அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஒரே காரணத்தைப் பிடித்துக்கொண்டு மற்றதைக் கோட்டைவிடக் கூடாது. முகம் கோணல், கை கால் தளர்ச்சி, பேச்சுக் குழறல் இருந்தால் 995க்கு அழைப்பதில் ஒரு நிமிடமும் தாமதம் ஆகாது.

சோதனைக்குச் சிறுநீர் கொடுக்கும் முறை

ஆறு மாதத்தில் இரண்டு முறை, அல்லது ஓர் ஆண்டில் மூன்று முறை தொற்று வந்தால் அதைத் திரும்பத் திரும்ப வரும் தொற்று என்று மருத்துவர்கள் வகைப்படுத்துகிறார்கள். அந்த நிலையில் ஒவ்வொரு முறையும் கிருமி வளர்ப்புச் சோதனை செய்வது அவசியம். எந்தக் கிருமி, அது எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்பதை இச்சோதனை காட்டும். முடிவு வரச் சில நாள் ஆகும். தொல்லை கடுமையாக இருந்தால் மருத்துவர் அதற்குள் ஒரு மருந்தைத் தொடங்கிவிட்டு, முடிவு வந்ததும் மாற்றுவார்.

சிறுநீரை எடுக்கும் முறையிலேயே பல சோதனைகள் வீணாகின்றன. முதலில் கையைக் கழுவ வேண்டும். முன்பகுதியைச் சுத்தமான நீரால் கழுவிக்கொள்ள வேண்டும். முதலில் வரும் சிறுநீரைக் கழிவறையில் விட்டுவிட்டு, நடுவில் வருவதைப் புட்டியில் பிடிக்க வேண்டும். புட்டியின் உட்புறத்தைத் தொடக் கூடாது. உடனே கொடுக்க முடியாவிட்டால் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டும். முடிந்தவரை மருந்தின் முதல் மாத்திரையை விழுங்குவதற்கு முன்பே சிறுநீரைக் கொடுத்துவிடுவது நல்லது.

அடிக்கடி தொற்று வருபவர்களுக்கு, சிறுநீர் கழித்தபின் உள்ளே எவ்வளவு தேங்கியிருக்கிறது என்பதை ஊடுஒலிக் கருவியால் பார்க்கலாம். வலி இல்லாத, சில நிமிடச் சோதனை அது. கல் இருக்கிறதா என்பதையும் அவ்வகைச் சோதனையில் காணலாம்.

மருந்து முடிந்து தொல்லை நீங்கிவிட்டால், கிருமி போய்விட்டதா என்று மறுபடியும் சோதிக்கத் தேவையில்லை.

மருந்தில் செய்யும் தவறுகள்

சிறுநீர்ப்பைத் தொற்றுக்கான மருந்துகளில் ஒரே வேளை எடுப்பதும் உண்டு, மூன்று நாள் எடுப்பதும் உண்டு, ஐந்து நாள் எடுப்பதும் உண்டு. எத்தனை நாள் என்பது மருந்தைப் பொறுத்தது. மருத்துவர் சொன்ன நாள் வரை எடுக்க வேண்டும். இரண்டாம் நாளே எரிச்சல் நின்றுவிட்டது என்று மீதியை எடுத்து வைப்பதும், அடுத்த முறை எரியும்போது அந்த மீதியை விழுங்குவதும், "எனக்குக் கேட்டது, நீயும் போட்டுப் பார்" என்று அக்கம்பக்கத்தாருக்குக் கொடுப்பதும் ஆபத்தான பழக்கங்கள். ஊருக்குப் போய்த் திரும்பும்போது மருந்துக்கடையில் வாங்கி வந்து பெட்டியில் சேர்த்து வைப்பதும் அதே வகைதான்.

சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கும், ஜி6பிடி குறைபாடு உள்ளவர்களுக்கும் சில மருந்துகள் ஒத்துவரா. இரத்த அழுத்தத்துக்காக எடுக்கும் சில மாத்திரைகளோடு சேர்ந்தால், இரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றிவிடும் மருந்தும் உண்டு. எனவே, அன்றாடம் எடுக்கும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் காட்டிவிடுவதே பாதுகாப்பு.

மீண்டும் வராமல் தடுக்க

முதலாவது, தண்ணீர். மூத்தோர் பலர் தண்ணீரைக் குறைப்பதற்குத் தக்க காரணம் உண்டு. முழங்கால் வலியோடு அடிக்கடி கழிவறைக்கு எழுந்து போக முடியவில்லை. இரவில் வழுக்கி விழுந்துவிடுவோமோ என்ற பயம். வெளியே போனால் நல்ல கழிவறை கிடைக்குமோ என்ற கவலை. ஆனால் தண்ணீர் குறைந்தால் கிருமியைக் கழுவித் தள்ள ஆறு ஓடாது. 2018ல் வெளிவந்த ஓர் ஆய்வில், குறைவாகத் தண்ணீர் குடித்துவந்த 140 பெண்களில் ஒரு பாதியினர் அன்றாடம் ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடித்தனர். ஓராண்டில் அவர்களுக்குச் சராசரியாக 1.7 முறை தொற்று வந்தது. கூடுதலாகக் குடிக்காதவர்களுக்கு 3.2 முறை வந்தது. அவர்கள் மாதவிடாய் நிற்காத வயதினர் என்றாலும், தண்ணீரின் பயன் மூத்தோருக்கும் பொருந்தும் என்று கருத இடமுண்டு.

பெரும்பகுதித் தண்ணீரைக் காலையிலும் பகலிலும் குடித்துவிட்டு, மாலைக்குப் பின் குறைத்துக்கொள்ளலாம். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் போதிய அளவு குடிக்கிறோம் என்று பொருள். இதய நோயோ சிறுநீரக நோயோ உள்ளவர்கள் மட்டும் தங்கள் மருத்துவர் சொன்ன அளவைத் தாண்டக் கூடாது.

கழிவறைக்குப் போகும் பயத்தைப் போக்குவது குடும்பத்தின் கடமை. இரவு விளக்கு, வழுக்காத தரை, பிடித்துக்கொள்ளக் கம்பி ஆகியவை வேண்டும். 65 வயதைக் கடந்தவர்கள் இருக்கும் வீடுகளில் கைப்பிடிக் கம்பி பொருத்தவும், கழிவறைத் தரையை வழுக்காமல் செய்யவும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் 'ஈஸ்' திட்டம் 2012 முதல் உதவி வருகிறது. அதற்கு விண்ணப்பிப்பதும் ஒரு வகையில் சிறுநீர்த் தொற்றுக்கான மருந்துதான்.

இரண்டாவது, அடக்கி வைக்காமை. உணர்வு வரும்வரை காத்திராமல் மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை போய்வருவது நல்லது. அவசரப்படாமல் நன்றாக உட்கார்ந்து கழிக்க வேண்டும். முடிந்ததும் சற்றே பொறுத்து, முன்னே சாய்ந்து மறுபடியும் முயன்றால் தேங்கியிருப்பதும் வெளியேறும்.

மூன்றாவது, கழுவும் முறை. தண்ணீரால் கழுவினாலும் தாளால் துடைத்தாலும் முன்னிருந்து பின்னாகவே செய்ய வேண்டும். பின்னிருந்து முன்னே கொண்டு வந்தால் குடல் கிருமியைக் கையாலேயே வாசலில் விட்டதாகும். அதிகச் சுத்தம் என்று எண்ணிச் சோப்பையும் கிருமிநாசினித் திரவத்தையும் பிறப்புறுப்பின் உள்ளே பயன்படுத்துவது தீங்கு. மிச்சமிருக்கும் நல்ல நுண்ணுயிரும் அதனால் அழிந்துபோகும். வெறும் தண்ணீரே போதும்.

நான்காவது, மலச்சிக்கலைத் தீர்ப்பது. கீரை, காய்கறி, பழம், பருப்பு வகைகளோடு சிறிது நடையும் வேண்டும்.

ஐந்தாவது, தாம்பத்தியம். வயதானவர்களிடம் இதைப்பற்றி யாரும் கேட்பதில்லை. அவர்களும் சொல்வதில்லை. உறவுக்குப்பின் சிறுநீர் கழித்துவிடுவது எந்த வயதிலும் நல்ல பழக்கம்.

படுக்கையில் இருக்கும் மூத்தோருக்கு அணையாடை நனைந்ததும் மாற்ற வேண்டும். பார்த்துக்கொள்ளும் பணிப்பெண்ணுக்கு முன்னிருந்து பின்னாகத் துடைக்கும் முறையைச் செய்துகாட்டிச் சொல்லிக்கொடுக்க வேண்டும். சிறுநீர்க் குழாய் பொருத்தியவர்களுக்கு, பை எப்போதும் சிறுநீர்ப்பையின் மட்டத்துக்குக் கீழேயே இருக்க வேண்டும்.

பலரும் அறியாத பூச்சு மருந்து

மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைவதே அடிப்படைக் காரணம் என்றால், அதைக் குறைந்த அளவில் அந்த இடத்துக்கே திருப்பிக் கொடுப்பதுதானே தீர்வு? பிறப்புறுப்பில் இடும் ஈஸ்ட்ரோஜன் களிம்பு அல்லது சிறு மாத்திரை அந்த வேலையைத்தான் செய்கிறது. 1993ல் வெளியான ஆய்வு ஒன்றில் 93 பெண்கள் பங்கேற்றனர். உண்மையான களிம்பைப் பயன்படுத்தியவர்களுக்கு ஆண்டுக்குச் சராசரியாக 0.5 முறைதான் தொற்று வந்தது. மருந்தில்லாத வெறும் களிம்பைப் பயன்படுத்தியவர்களுக்கு 5.9 முறை வந்தது. நல்ல நுண்ணுயிர்களும் திரும்பி வந்திருந்தன. அதற்குப் பிந்திய ஆய்வுகளும் இதன் பயனை உறுதிப்படுத்தியுள்ளன.

வாயால் விழுங்கும் ஈஸ்ட்ரோஜன் மாத்திரைக்கு இந்தப் பயன் இல்லை. களிம்பின் பலன் தெரியச் சில வாரங்கள் பிடிக்கும். முதல் வாரத்திலேயே "கேட்கவில்லை" என்று விட்டுவிடக் கூடாது. புற்றுநோய் வந்துவிடுமோ என்று பலர் அஞ்சுகிறார்கள். இந்த முறையில் இரத்தத்தில் கலக்கும் அளவு மிகச் சிறிது. ஆயினும் மார்பகப் புற்றுநோய் வந்தவர்களும், காரணம் தெரியாத இரத்தப்போக்கு உள்ளவர்களும் முதலில் தங்கள் சிறப்பு மருத்துவரைக் கேட்டே தொடங்க வேண்டும்.

இந்த மருந்தின் பெயரைக்கூடக் கேள்விப்படாமல், ஆண்டுக்கு நான்கு முறை கிருமி மருந்து விழுங்கிக்கொண்டிருக்கும் மூதாட்டிகள் இருக்கிறார்கள். தொல்லையைச் சொன்னால்தானே மருத்துவர் தீர்வைச் சொல்ல முடியும்?

இவை போதாதபோது, மெத்தனமின் என்ற மாத்திரை ஒரு வழி. அது கிருமிகொல்லி மருந்து வகையைச் சேர்ந்ததன்று. சிறுநீரைக் கிருமி வாழ முடியாத இடமாக மாற்றுகிறது. 240 பெண்களைக் கொண்டு பிரிட்டனில் நடந்து 2022ல் வெளியான ஆய்வு, அன்றாடம் குறைந்த அளவில் கிருமி மருந்து எடுப்பதற்கு இது ஈடாகலாம் என்று காட்டியது. குறைந்த அளவுக் கிருமி மருந்தைச் சில மாதங்கள் தொடர்ந்து எடுப்பது கடைசி வழி. எடுக்கும்வரை பலன் தரும். நிறுத்தியபின் தொற்று திரும்பலாம். பக்கவிளைவும், மருந்துக்கு அடங்காத கிருமி வளரும் ஆபத்தும் உண்டு. மருத்துவரின் கண்காணிப்பில் மட்டுமே இதைச் செய்ய வேண்டும்.

அடிக்கடி எழும் கேள்விகள்

பார்லி தண்ணீர், இளநீர், மோர் குடித்தால் குணமாகாதா?

நீர் கூடுவதால் எரிச்சல் தணியும். அந்த அளவில் நன்மைதான். ஆனால் தொற்றைத் தரும் கிருமி "சூட்டால்" வருவதில்லை. குளிர்ச்சியான பானத்தால் அது சாவதும் இல்லை. நீரிழிவு உள்ளவர்கள் பார்லித் தண்ணீரில் சர்க்கரை சேர்க்கக் கூடாது. இளநீரில் பொட்டாசியம் அதிகம். சிறுநீரக நோயாளிகள் அதைத் தவிர்க்க வேண்டியிருக்கலாம்.

கிரான்பெரி பழச்சாறு பலன் தருமா?

2023ல் 50 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அடிக்கடி தொற்று வரும் பெண்களுக்குக் கிரான்பெரி தயாரிப்புகள் அதை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைப்பதாகத் தெரிந்தது. தாதிமை இல்லங்களில் வாழும் மூத்தோருக்குத் தெளிவான பலன் தெரியவில்லை. வந்த தொற்றைக் குணப்படுத்தும் மருந்து அது அன்று. கடையில் விற்கும் சாறுகள் பலவற்றில் சர்க்கரை அதிகம். வார்ஃபரின் எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் குடிக்கக் கூடாது.

டி-மேனோஸ் மாவு வாங்கலாமா?

பிரிட்டனில் 598 பெண்களிடம் நடத்தப்பட்டு 2024ல் வெளிவந்த ஆய்வில், அது தொற்றைக் குறைக்கவில்லை. காசைச் சேமிக்கலாம்.

தயிர்?

உணவாகச் சாப்பிடலாம், நல்லது. மருந்தாக எண்ணி மருத்துவரைத் தள்ளிப்போடக் கூடாது.

எப்போது உடனே போக வேண்டும்?

காய்ச்சல், குளிர் நடுக்கம், முதுகுப்புற வலி, வாந்தி இருந்தால் அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும். அத்துடன் மயக்கம், மூச்சு வாங்குதல், கைகால் சில்லிட்டுப் போதல், சிறுநீரே வராமை ஆகியவை சேர்ந்தால் கிருமி இரத்தத்தில் கலந்திருக்கலாம். அது உயிருக்கு ஆபத்து. 995ஐ அழைக்க வேண்டும்.

வாய் திறந்து சொன்னால் வழி பிறக்கும்

ஒரே குடும்ப மருத்துவரிடம் தொடர்ந்து போவது பெரிய உதவி. சென்ற முறை எந்தக் கிருமி, எந்த மருந்து கேட்டது என்ற விவரமெல்லாம் அவரிடம் இருக்கும். 2023 ஜூலையில் தொடங்கிய 'மேலும் ஆரோக்கியமான எஸ்ஜி' திட்டத்தின் நோக்கமும் ஒவ்வொருவருக்கும் ஒரு நிலையான மருத்துவர் இருக்க வேண்டும் என்பதே. தேவைப்பட்டால் அவரே சிறப்பு மருத்துவரிடம் அனுப்புவார். பெண் மருத்துவர் வேண்டும் என்று கேட்பதில் தவறில்லை. மகனுக்குப் பதில் மகளோ மருமகளோ பேத்தியோ உடன் போகலாம். அதுவும் கூச்சமாக இருந்தால், அறிகுறிகளை ஒரு தாளில் எழுதி மருத்துவர் கையில் கொடுத்துவிடலாம்.

சமையலறையில் தொங்கும் நாட்காட்டியே நல்ல மருத்துவப் பதிவேடு. எரிச்சல் தொடங்கிய நாளில் ஒரு புள்ளி, மருந்து தொடங்கிய நாளில் ஒரு கோடு, மருந்தின் பெயர். மருத்துவரிடம் போகும்போது அந்தத் தாள்களைக் கொண்டுபோனால், ஆறு மாதத்தில் எத்தனை முறை என்ற கேள்விக்கு நினைவைத் தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

தொடக்கத்தில் கண்ட பாட்டிக்கும் வழி இதுதான். மருமகள் ஒருநாள் விடுப்பு எடுத்து, "அத்தை, இந்தத் தடவை நான் கூட வர்றேன், நானே சொல்றேன்" என்று அழைத்துப் போனால் போதும். சிறுநீரைச் சோதித்து, கிருமியை அறிந்து, சர்க்கரையைப் பார்த்து, தேவையான களிம்பையும் மருத்துவர் எழுதிக் கொடுக்க வழி உண்டாகும். அடுத்த கோயில் பயணத்துக்குப் பாட்டியே முதலில் கிளம்பி நிற்கலாம்.

குடும்பத்துக்காக ஆயுள் முழுவதும் தம் வலியை அடக்கியே பழகியவர்கள் நம் தாய்மார்கள். முதுமையிலும் அப்படியே அடக்கிக்கொண்டிருக்க அவர்களை விட்டுவிடுவது பிள்ளைகளுக்கு அழகல்ல. "தண்ணி குடிச்சீங்களாம்மா? எரிச்சல் ஏதும் இருக்கா?" என்று வீட்டில் ஒருவர் அன்போடு கேட்டுவிட்டால், பாதி நோய் அங்கேயே தீர்ந்துவிடும். மீதிப் பாதியை மருத்துவர் பார்த்துக்கொள்வார்.